கோணிப்பைக்குள் ஒரு கார் வடிவமைப்பாளர்: காரைக்குடியில் பழைய சாமான் தேடுவோருக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வருகிறவர்கள் எதைத் தேடி வருகிறார்கள் என்பது அங்குள்ள கடைக்காரர்களுக்கு அத்துப்படி. பர்மாத் தேக்குத் தூண், எனாமல் தூக்குச் சட்டி, பெல்ஜியம் கண்ணாடி, பழைய சாமி படம். அவையெல்லாம் கடையின் முகப்பில் இருக்கும். கார் சாமான் முகப்புக்கு வருவதில்லை. பின்கட்டில், உடைந்த மின்விசிறி இறக்கைகளுக்கும் பித்தளைக் குழாய்த் தலைகளுக்கும் நடுவே ஒரு கோணிப்பையில் கிடக்கும். கேட்டால்தான் எடுத்துக் கொட்டுவார்கள். "கார் சாமான் ஏதாவது இருக்கிறதா அண்ணே?" என்று கேளுங்கள், போதும். "வின்டேஜ்" என்ற சொல் வாயில் வந்தால் விலை இரண்டு மடங்காகிவிடும்.

நான் இந்தத் தெருவில் பதினைந்து ஆண்டுகளாகச் சுற்றுகிறவன். பழைய கார் வாங்கி வைக்க வசதி இல்லை. அதனால் காரைத் துண்டு துண்டாக வாங்குகிறேன். ஒரு கண்ணாடி, ஒரு விளக்கு, ஒரு வீல் கப் என்று சேர்ந்தவை இப்போது மச்சில் இரண்டு டிரங்குப் பெட்டிகளை நிரப்பியிருக்கின்றன. இவற்றில் ஒன்றின் வழியாகத்தான் வால்டர் பெல்குரோவ் என்ற பெயரை முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். அந்த மனிதர் வரைந்த கார் சென்னையில் கூட்டிப் பூட்டப்பட்டு நம் ஊர்ச் சாலைகளில் ஓடியிருக்கிறது. ஆனால் அவர் பெயரை இங்கே யாரிடம் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். புதிதாக இந்தத் தேடலில் இறங்குகிறவர்கள் அந்த வழியை எப்படி நடக்கலாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எதைத் தேட வேண்டும் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கார்த் தொழிற்சாலை பூட்டி அனுப்பிய உதிரிபாகம் வேறு. வாங்கியவர் பிறகு கடையில் பார்த்து ஆசைப்பட்டு மாட்டிக்கொண்டது வேறு. இரண்டாவதை நம் மெக்கானிக்குகள் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் என்பார்கள். மட்கார்டு மேல் நிற்கும் கண்ணாடி, பம்பரில் பூட்டும் பனி விளக்கு, சக்கரத்துக்கு மேல் வட்டத் தகடு, பானெட் நுனியில் பறக்கும் பறவை, தந்த நிற ஸ்டியரிங் வளையம் எல்லாம் இந்தச் சாதி. இவற்றோடு, வேறு கம்பெனிகள் செய்து பெட்டியில் போட்டு விற்ற பிஸ்டன், பிளக் போன்ற மாற்று உதிரிகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

செட்டிநாட்டில் இவை மிஞ்சியதற்குக் காரணம் இருக்கிறது. ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சாய்கோன் என்று கொண்டுவிற்கப் போன குடும்பங்கள் ஊருக்குக் கார் வாங்கின. இன்றைக்கும் எண்பது வயது தாண்டிய ஆச்சிமார் காரைப் பிளஷர் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பிளஷர் காயலான் கடைக்குப் போகும்போது வீட்டுக்காரர் கடைசி நிமிடத்தில் மனம் கேட்காமல் எதைக் கழற்றி வைத்துக்கொள்வார்? இன்ஜினையா? பளபளப்பான கண்ணாடியையும் விளக்கையும்தான். அவை பரணில் ஏறி, பாகப்பிரிவினையில் இறங்கி, கோணிப்பைக்கு வந்து சேர்கின்றன.

கையில் கொண்டுபோக வேண்டியவை

ஒரு சிறு காந்தம், டார்ச் லைட், வெர்னியர் காலிப்பர், பழைய பல் துலக்கி, மண்ணெண்ணெயில் நனைத்துப் பிழிந்த துணி, மெல்லிய தாள், மென்மையான பென்சில். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. கைப்பேசிக் கேமராவே பாதி வேலையைச் செய்துவிடும். பாலிஷ் மட்டும் வேண்டாம். வாங்கிய புதிதில் ஒரு விளக்குக் கிண்ணத்தைப் புளி போட்டுத் தேய்த்து, பிறகு பட்டறையில் கொடுத்து மறுபடி குரோம் பூசி வாங்கினேன். கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி ஜொலித்தது. கீழ்விளிம்பில் இருந்த எழுத்து மட்டும் காணவில்லை. பட்டறையின் பஃபிங் சக்கரம் நாற்பது வருட அழுக்கோடு சேர்த்து அதன் பிறப்புச் சான்றிதழையும் தின்றுவிட்டது.

முகத்தைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள்

கடைக்காரர் சாமானை நீட்டும்போது குரோம் பக்கத்தைக் காட்டித்தான் நீட்டுவார். வாங்கியவுடன் திருப்புங்கள். முன்பக்கம் வாங்குகிறவரை மயக்கச் செய்தது. செய்தவன் தன் கணக்கைப் பின்பக்கத்தில்தான் எழுதிவைத்திருப்பான். பூட்டும் பாதத்தின் அடி, விளக்குக் கிண்ணத்தின் உள்வளைவு, கண்ணாடியின் கழுத்து, வீல் தகட்டின் பின்விளிம்பு ஆகிய நான்கு இடங்களையும் பல் துலக்கியால் தட்டிவிட்டு, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் எழுத்து தெரியாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் தேய்ந்த எழுத்தும் நிழலோடு எழும். அப்போதும் பிடிபடாவிட்டால் தாளை வைத்துப் பென்சிலால் மெல்லத் தேயுங்கள். சின்ன வயதில் காசைத் தாளுக்கு அடியில் வைத்துத் தேய்த்த அதே வேலைதான்.

அங்கே பெரும்பாலும் கிடைப்பது கம்பெனிப் பெயர். இந்தப் பக்கம் அடிக்கடி எதிர்ப்படக்கூடியவை சில: பர்மிங்ஹாமின் லூகாஸ் விளக்குகள், அதே ஊரின் டெஸ்மோ கண்ணாடிகள், கவென்ட்ரியில் கார்னர்கிராஃப்ட் கம்பெனி செய்த ஏஸ் வீல் தகடுகள், புளுமெல்ஸ் ஸ்டியரிங் வளையங்கள். பூனைத் தலை முத்திரை இருந்தால் அது பிரெஞ்சு விளக்கு, மார்ஷல். பூனையைக் கண்டால் உடனே கண்ணாடி வில்லையைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் பிரான்சிலும் இந்தோசீனத்திலும் வண்டி வலப்பக்கம் போகும், பிரெஞ்சு விளக்கின் ஒளி மஞ்சளாக இருக்கும். பிரிட்டிஷ் இந்தியாவில் இடப்பக்கம், வெள்ளை ஒளி. எந்தப் பக்கத்துச் சாலைக்கு ஒளியைச் சாய்க்க வில்லையில் வரிகள் வார்த்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே விளக்கு எந்த நாட்டுச் சாலைக்காகச் செய்யப்பட்டது என்று ஓரளவு ஊகிக்கலாம். பர்மாவில் 1970 வரை இடப்பக்கமே ஓட்டினார்கள் என்பதால், ரங்கூன் சாமானையும் சென்னைச் சாமானையும் இந்த வழியில் பிரிக்க முடியாது.

அடுத்தது உலோகம். காந்தம் ஒட்டினால் இரும்புத் தகடு. ஒட்டாவிட்டால் பித்தளையோ துத்தநாகக் கலவையோ. 1950களில் இங்கிலாந்திலிருந்து வந்த வார்ப்புகளில் பெரும்பாலானவை துத்தநாகக் கலவைதான். உருகிய கலவையை அழுத்தத்தோடு எஃகு அச்சுக்குள் செலுத்தி எடுப்பார்கள். அதனால் எழுத்து கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருக்கும். பின்புறத்தில் சின்னச் சின்ன வட்டத் தழும்புகள் தெரியும், அச்சிலிருந்து ஊசிகள் தள்ளிய இடங்கள் அவை. வயதானால் குரோமுக்கு அடியில் அம்மைக் கொப்புளம்போல் எழும்பும். சொறிந்து பார்த்தால் சாம்பல் நிறம். இதே சாமான் பித்தளையில், பின்புறம் மணல் பொரபொரப்போடும் அரத் தடத்தோடும் இருந்தால் அது இங்கேயே யாரோ ஒரிஜினலைப் பார்த்து மண்ணில் பதித்து வார்த்த நகல்.

நகல் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். 1950களின் நடுவில் இறக்குமதிக் கதவு இறுகியது. இங்கே காரை முழுமையாகத் தயாரிக்கும் திட்டம் இல்லாத கம்பெனிகள் நீடிக்க முடியாது என்ற நிலை வந்து, ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியக் கூட்டுப்பட்டறைகளை மூடிவிட்டுப் போயின. வண்டி இருந்தது, சாமான் இல்லை. பாத்திரம் வார்க்கும் கைகள் கார் சாமானையும் வார்த்தன. வெள்ளைக்காரன் கலவையில் செய்தது உதிர்ந்துவிட்டது, நம் ஆள் பித்தளையில் செய்தது நிற்கிறது. ஆனால் வடிவமைப்பாளரைத் தேடும் உங்களுக்கு நகல் ஒரு தடத்தைத்தான் காட்டும். எண்களும் எழுத்துகளும் நகலில் மழுங்கிப்போயிருக்கும். வார்த்தது ஆறும்போது சுருங்குவதால் அளவும் ஒரு நூல் குறையும்.

எண்கள் சொல்லும் காலம்

எண்ணைக் கண்டதும் எல்லாரும் வருடம் என்று நினைத்துவிடுகிறார்கள். எண் பலவகை. லூகாஸ் மின்சாதனங்களில் மாதமும் ஆண்டும் தனியே குத்தப்பட்டிருக்கும்: 6 53 என்றால் 1953 ஜூன். விளக்கின் மேல் எஸ்.எஃப்.டி. (SFT) என்று தொடங்கினால் பனி விளக்கு, எஸ்.எல்.ஆர். (SLR) என்றால் தூரத்துக்கு அடிக்கும் விளக்கு. இவை மாதிரியின் பெயர்கள், காலத்தைச் சொல்லாது.

"ரெஜிஸ்டர்டு டிசைன்" என்று ஆங்கிலத்தில் பொறித்து ஆறிலக்க எண் இருந்தால் அது பிரிட்டனில் வடிவத்தைப் பதிவு செய்த எண். இந்த வரிசை எட்டு லட்சத்தைத் தொட்டது 1935-ஐ ஒட்டி. 1950 வாக்கில் எட்டு லட்சத்து அறுபதாயிரம், 1960 வாக்கில் எட்டு லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரம். உங்கள் கையில் இருப்பது 871 என்று தொடங்கினால் 1953-54 என்று தைரியமாகக் குறித்துக்கொள்ளலாம். வடிவம் பதிவான காலம்தான் அது. அதே அச்சில் பத்து வருடம் கழித்தும் வார்த்திருப்பார்கள். ஆகவே "இதற்கு முன்னால் செய்திருக்க முடியாது" என்று மட்டுமே சொல்லுங்கள்.

ஆள் பெயர் கிடைப்பது வேறொரு எண்ணில். பிரிட்டிஷ் வடிவப் பதிவில் பொதுவாக உரிமையாளரான கம்பெனியின் பெயர்தான் நிற்கும். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே வடிவத்துக்கான காப்புரிமையில் அதை உருவாக்கிய மனிதரின் பெயரை எழுதியே ஆக வேண்டும். கம்பெனி பிறகுதான் வரும். ஆகவே அமெரிக்க எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் ஒன்றில் "டெஸ்." (Des.) என்ற எழுத்துக்குப் பின் ஒன்றரை லட்சத்தை ஒட்டிய எண் இருந்தால், அது 1950-க்குச் சற்று முன்னோ பின்னோ ஆன வடிவக் காப்புரிமை. கூகுள் பேட்டன்ட்ஸில் அந்த எண்ணை முன்னால் டி (D) எழுத்தோடு தட்டினால் படமும் பெயரும் காசில்லாமல் கிடைக்கும். பிரிட்டிஷ் சாதாரணக் காப்புரிமைக்கு, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாசெனெட் (Espacenet) இணையதளம். அங்கும் 1950-ஐ ஒட்டியவை ஆறு லட்சத்து முப்பதாயிரத்தை ஒட்டி ஓடும். சில ஏடுகளில் கண்டுபிடித்தவர் பெயர் இருக்கும். "பேட். பெண்டிங்" என்று மட்டும் இருந்தால் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார்கள் என்று பொருள். பலர் காத்திருந்ததோடு சரி.

கோணிப்பையிலிருந்து வான்கார்டு வரை

இனி என் கதை. ஒரு ஆடி மாத வெயிலில் பின்கட்டுக் கோணிப்பையைக் கொட்டியபோது மட்கார்டுக் கண்ணாடி ஒன்று விழுந்தது. வட்ட முகம், ஒரு சாண் உயரக் கழுத்து, ரசம் போன கண்ணாடி. பெயர் தேய்ந்துபோயிருந்தது. பாதம் மட்டும் விசித்திரம். சாதாரணமாகப் பாதம் தட்டையாக இருக்கும், எந்த வண்டிக்கும் பூட்டலாம் என்பதற்காக. இது குடைந்து, ஒரு பக்கம் அதிகமாகச் சரிந்து, உருண்டையான எதன்மீதோ உட்காரச் செய்தது. அதே பையில் ஒரு மக்கிய அட்டைப் பெட்டி இருந்தது. ஹெப்போலைட் பிஸ்டன் பெட்டி. பிஸ்டன் போய்விட்டது. ஒட்டியிருந்த சீட்டில் 85 மி.மீ. என்ற அளவும், இரண்டு பெயர்களும் இருந்தன: ஸ்டாண்டர்டு வான்கார்டு, ஃபெர்கசன் டிராக்டர்.

கண்ணாடிக்கும் பெட்டிக்கும் முந்நூற்றைம்பது ரூபாய். பெட்டிக்குப் போய்க் காசு கொடுக்கிறீர்களே என்று கடைக்காரர் சிரித்தார். ஒருபோதும் பெட்டியை விடாதீர்கள். மாற்று உதிரி விற்றவர்களுக்குத் தங்கள் சாமான் எந்தெந்த வண்டிக்குப் பொருந்தும் என்று சொல்லியாக வேண்டும். ஆகவே சீட்டில் எழுதிவைத்தார்கள். உலோகம் மறைத்ததை அட்டை சொல்லிவிடும்.

டிராக்டருக்கும் காருக்கும் எப்படி ஒரே பிஸ்டன்? போருக்குப் பிறகு கவென்ட்ரியில் ஸ்டாண்டர்டு கம்பெனி ஒரு பக்கம் ஃபெர்கசனுக்காகச் சாம்பல் நிற டிராக்டர்களைச் செய்துகொடுத்தது. இன்னொரு பக்கம் வான்கார்டு என்ற காரை 1948 முதல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டுக்கும் ஒரே குடும்பத்து நாலு சிலிண்டர் இன்ஜின். காரில் அது 2,088 சி.சி. சிலிண்டர் குழாய்களைத் தனியே உருவி மாற்றும் அமைப்பு என்பதால், தேய்ந்தால் குழாயையும் பிஸ்டனையும் ஜோடியாக வாங்கிப் போட்டுவிடலாம். அப்படி வாங்கிய ஒரு ஜோடியின் பெட்டிதான் என் கைக்கு வந்தது. குழாயை மாற்றி 83 மி.மீ. ஆக்கி, 1,991 சி.சி. என்று இரண்டு லிட்டருக்குள் அடக்கியபோது அதே இன்ஜின் 1953-இல் டி.ஆர்.2 என்ற பந்தய மிடுக்குள்ள இரட்டை இருக்கை வண்டிக்குள் போனது. நாற்று வயலும் பந்தயச் சாலையும் ஒரே இன்ஜினுக்கு!

வான்கார்டுகள் சென்னையிலும் உருவாயின. ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி வண்டலூர்ப் பக்கம் அவற்றைக் கூட்டிப் பூட்டியது. ஆகவே செட்டிநாட்டில் எங்காவது ஒன்று இருந்தே தீரும் என்று விசாரித்தேன். பள்ளத்தூருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் கார் கொட்டகையில், நாலு செங்கல் அடுக்குகளின் மேல், முதல் வகை வான்கார்டு நின்றது. பின்புறம் வண்டு முதுகுபோல் ஒரே வளைவாகச் சரியும் வகை. 1953-இல் வந்த அடுத்த வகையில் இந்த முதுகை வெட்டித் தனி டிக்கி வைத்துவிட்டார்கள். வகையைப் பிரித்தறிய இதைவிட எளிய அடையாளம் வேண்டாம்.

இங்கே ஒரு நாசூக்கு. முதல் தடவையே கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள். காரை விலைபேச வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துக் கதவடைத்துவிடுவார்கள். வீட்டில் பேசிய பெரிய ஆச்சியிடம் காரின் கதையைத்தான் கேட்டேன். "அப்பச்சி காலத்துப் பிளஷர் தம்பி. என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு அதில்தான்" என்றவர், காபி கொடுத்து, பேரனை விட்டுக் கொட்டகையைத் திறந்துவிடச் சொன்னார். இரண்டாவது தடவை போகும்போதுதான் சாமான் பேச்சு.

பொருத்திப் பார்க்கும் முறை இது. வீட்டில் மைதா மாவைக் கெட்டியாகப் பிசைந்து, மேலே எண்ணெய் தடவி, கண்ணாடியின் பாதத்தை அழுத்தி எடுத்தேன். மாவில் விழுந்த வளைவை நடுவில் கத்தியால் அறுத்து, அந்த வெட்டுமுகத்தைச் சட்டைப் பெட்டி அட்டையில் வரைந்து வெட்டிக்கொண்டேன். நீளவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று. (மாவை அன்றைக்கே தூக்கிப் போடுங்கள். எறும்பு வரும், வீட்டுக்காரி கேள்வி கேட்பார்.) பிறகு அட்டையை மட்கார்டின் மேல் நகர்த்திக்கொண்டே போனேன். பாதத்துக்கும் தகட்டுக்கும் இடையில் ஒரு ரப்பர் தகடு இருந்திருக்கும், அது மக்கிப் போயிருக்கும். ஆகவே எங்கும் மூன்று மி.மீ. சீரான இடைவெளி வந்தால் அதுதான் இடம். ஹெட்லைட்டுக்கு ஒன்றரை அடி பின்னால், வலது மட்கார்டின் தோளில், இரண்டு அட்டைகளும் ஒரே சீராக உட்கார்ந்தன.

அதை மட்டும் வைத்து நான் நம்பியிருக்க மாட்டேன். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது பெயிண்டுக்கு அடியில் பட்டி வைத்து மூடிய இரண்டு சிறு குழிகள் தெரிந்தன. காலிப்பரை வைத்தேன். குழிக்குக் குழி 44 மி.மீ. கண்ணாடிப் பாதத்தின் திருகுத் துளைகளுக்கு நடுவிலும் 44. இதே காரில் இருந்ததுதான் இந்தக் கண்ணாடி என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. இந்த வடிவ மட்கார்டுக்காகவே செய்த கண்ணாடி என்று சொல்லலாம். அந்த உருண்டைத் தோளை வரைந்தவர் யார் என்ற கேள்வி அப்போதுதான் வந்தது.

காரிலிருந்து ஆளுக்கு

புதிதாக வருகிறவர்கள் சறுக்கும் இடம் இது. கார் பெயரைக் கண்டுபிடித்ததும் வடிவமைப்பாளர் என்று இணையத்தில் தட்டி, முதலில் வரும் பெரிய பெயரை எழுதிவைத்துவிடுகிறார்கள். பெரிய பெயர் பல சமயம் பெயர்ப்பலகைதான். அமெரிக்காவின் 1953 ஸ்டூடிபேக்கர் கூபேயை லோவி கூபே என்றே கொண்டாடுவார்கள். ரேமண்ட் லோவி ஸ்டூடிபேக்கருக்கு வடிவமைத்துக் கொடுத்த நிறுவனத்தின் தலைவர்; வண்டியை வரைந்தது அவரிடம் வேலை பார்த்த ராபர்ட் போர்க்.

ஆகவே மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேளுங்கள். கார் விற்பனைக்கு வருவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பு, உடல் வடிவம் முடிவான சமயத்தில், கம்பெனியின் வரைபட அறையில் யார் இருந்தார்கள்? வெளியாள் யாராவது வடிவம் கொடுத்தார்களா? உடலைத் தட்டிச் செய்த பட்டறைக்குச் சொந்த வரைஞர் உண்டா? ஒரே வண்டியில் இரண்டு கை இருக்கலாம். ஸ்டாண்டர்டு கம்பெனியின் சின்ன வண்டியான ட்ரையம்ஃப் மேஃப்ளவரில் உடல் மல்லினர்ஸ் பட்டறையின் லெஸ்லி மூர் வரைந்தது, முகம் பெல்குரோவ் வரைந்தது. அன்றைய ஆட்டோகார், மோட்டார் இதழ்களின் பழைய பக்கங்களும், இங்கிலாந்தில் அந்தந்தக் காருக்கென இருக்கும் உரிமையாளர் சங்கங்களின் வெளியீடுகளும்தான் இதற்குக் கைகொடுக்கும்.

அப்படித் தேடியபோது வான்கார்டின் அடியில் நின்றவர் வால்டர் பெல்குரோவ். போருக்கு முன்பே ட்ரையம்ஃப் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1937 டோலமைட் காருக்கு அருவி கொட்டுவதுபோல் ஒரு கிரில் வைத்தார். பாதிப் பேர் ரசித்தார்கள், பாதிப் பேர் திட்டினார்கள். 1944-இல் ட்ரையம்ஃபை ஸ்டாண்டர்டு வாங்கியது. போர் முடிந்ததும் உலகம் முழுக்க விற்கத்தக்க ஒரு வண்டி வேண்டும் என்றார் முதலாளி நாற்காலியில் இருந்த சர் ஜான் பிளாக். அமெரிக்க வண்டியின் சாயல் வேண்டும். அமெரிக்கா போகச் செலவில்லை. லண்டனில் அமெரிக்கத் தூதரகத்து வாசலுக்குப் போய், வந்து நிற்கும் கார்களைப் பார்த்து வரைந்துகொண்டு வா என்று பெல்குரோவை அனுப்பினார் என்பது கார் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. வான்கார்டைப் பக்கவாட்டில் பார்த்தால் கதையை நம்பத் தோன்றும். நீளமான பிளிமத்தைக் கழுத்தைப் பிடித்துக் குறுக்கியதுபோல் இருக்கும்.

அதே கைதான் பிறகு டி.ஆர்.2-வையும் வரைந்தது. செலவு மிச்சம் பிடித்துச் செய்த உடல், அழகுக்குக் குறைவில்லை. 1950களின் நடுவில் பெல்குரோவ் கம்பெனியோடு ஒத்துப்போகாமல் விலகினார். அந்த இடத்துக்கு இத்தாலியிலிருந்து வெளி ஆலோசகராக வந்தவர் ஜொவான்னி மிக்கெலோட்டி. பெல்குரோவ் சம்பளத்துக்கு வரைந்த ஆள், வண்டியில் கையெழுத்து கிடையாது. மிக்கெலோட்டிக்குச் சொந்தப் பெயர் இருந்தது, நின்றது.

முதல் பயிற்சிக்கு ஹெரால்டு

வான்கார்டைத் தேடி அலைவது கடினம் என்றால் மிக்கெலோட்டியிலிருந்தே தொடங்குங்கள். அவரை நம் ஊரில் யாரும் மறக்கக்கூட இல்லை, ஏனென்றால் தெரிந்துகொள்ளவே இல்லை. அவர் வரைந்த கார்தான் 1959-இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கூரான மட்கார்டு, முன்பக்கத்தையே அப்படியே தூக்கித் திறக்கும் பானெட். ஒரே துண்டாக உடல் செய்துகொடுக்கும் பெரிய பட்டறையை 1953-இல் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டதால், தனிச் சட்டத்தின்மேல் பிரித்துப் பிரித்துப் பூட்டும் உடலை அமைத்தார்கள். அந்தப் பிரிக்கும் குணத்தால்தான் ஹெரால்டின் துண்டுகள் இன்றும் மதுரை, திருச்சி காயலான் கடைகளில் தனித்தனியே அகப்படுகின்றன.

ஒரு சின்னச் சோதனை. ஹெரால்டுக்கான பின்கதவுக் கைப்பிடியோ அந்தப் பின்கதவின் ஓரக் குரோம் பட்டையோ கிடைத்தால், அது சென்னை வண்டிக்கு உரியது. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. மிக்கெலோட்டி வரைந்ததில் இரண்டு கதவுதான். அந்தப் பின்கதவின் பெருமை அவருக்குச் சேராது.

நோட்டில் எழுதும் முறை

வாங்கிய அன்றே எழுதுங்கள், எந்தக் கடை, எந்தத் தேதி, என்ன விலை, கூடக் கிடந்தவை என்னென்ன என்று. கூடக் கிடந்தவை முக்கியம். பிஸ்டன் பெட்டி இல்லாமல் எனக்கு வான்கார்டு கிடைத்திருக்காது. எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கடைக்காரர் சொல்ல மாட்டார், வற்புறுத்தாதீர்கள். ஊரை மட்டும் கேட்டால் சில சமயம் சொல்வார். நிற்கும் காரிலிருந்து எதையும் கழற்றித் தரக் கேட்காதீர்கள். கொட்டகைக்குள் நூறு வருடம் தாண்டிய மரச் சாமானோ சிலையோ கண்ணில் பட்டாலும் பேச்செடுக்க வேண்டாம். அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972-ஆம் வருடச் சட்டம் தடை போடுகிறது. கார் சாமான் தேடப் போனவர் அந்தச் சிக்கலில் ஏன் மாட்ட வேண்டும்?

கண்டுபிடித்ததைக் காரின் வீட்டாருக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். நான் இரண்டு பக்கம் எழுதி எடுத்துப் போனேன். ஆச்சி கண்ணாடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரர் தெருவில் நின்று பார்த்து வரைந்த காரா?" என்று கேட்டார். ஆமாம் ஆச்சி என்றேன். "கண்ணாடியையும் அவரே வரைந்தாரா?"

என் நோட்டின் அந்தப் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: "மட்கார்டுக் கண்ணாடி, வலது. துத்தநாகக் கலவை வார்ப்பு. துளை இடைவெளி 44 மி.மீ. பொருந்துவது: வான்கார்டு, முதல் வகை. மட்கார்டின் வளைவு: வால்டர் பெல்குரோவ். கண்ணாடியின் வடிவம்:" அந்த இடத்தில் அரை வரி வெற்றாக இருக்கிறது. அடுத்த கோணிப்பைக்காக விட்டுவைத்திருக்கிறேன்.